சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா

காலனியில் அவருக்கு முட்டுச்சந்துக்காரர் என்று பட்டப்பெயர். நகரமைப்பு அலுவலகத்தில் தெருக்களை வரைவது அவர் வேலை. ஊர் வீங்க வீங்க, அவர் வரைந்த ஒவ்வொரு தெருவும் ஒரு சுவரில் போய் முட்டி நின்றது. அப்படியிருந்தால்தான் வண்டிச் சத்தமில்லாமல் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பார் மனுஷர்.

அக்கா என்றால் அவருக்கு உயிர். பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, தன் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய அடுத்த தெரு வீட்டில் அவளைக் குடிவைத்தார். அங்கேதான் கூத்து. அக்கா மிளகாய் வறுத்தால் இங்கே இவருக்குத் தும்மல் வரும். ஆனால் அவள் வாசலுக்குப் போக, காரை எடுத்து நெடுஞ்சாலையில் ஏறி ஊரையே சுற்ற வேண்டும்.

ஒருநாள் காலையில் அக்கா பின்கட்டில் வழுக்கி விழுந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து அலறல் கேட்டதும் இவர் கார் சாவியை எடுத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காரில் பறந்தார். பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கையில் மனைவி கூப்பிட்டாள். கிட்டத்து வழி பார்த்து வந்த ஆம்புலன்ஸ் இவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறதாம்.

"சுவத்த இடிச்சிடவா?"

"பிளான்ல அப்படி இல்லையேம்மா..."

மறுமுனையில் கடப்பாரைச் சத்தம்தான் கேட்டது.

ஒருவழியாக அவர் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டில் ஈ காக்கை இல்லை. பின்சுவரில் கதவு அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே தன் வீட்டுச் சமையலறையைக் கண்டார். நாலே எட்டு தூரம்.

அக்கா காலில் கட்டோடு திரும்புவதற்குள் அந்த ஓட்டை ஊருக்கே தெரிந்துபோயிற்று. பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள்காரர்கள் என்று சகல ஜனமும் இவர் கூடத்துக்குள் புகுந்து சமையலறை வழியாகப் போயிற்று. தாங்க முடியாமல் கொத்தனாரை வரச்சொன்னார். அவரும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தார். அடைத்துவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள்.

"விட்டுடுடா. இத்தனை வருஷத்துல இன்னொரு தெருவுக்குப் போற ரோடுன்னா உன் வீட்ல இருக்கற இது ஒண்ணுதான். அதையும் உன் பொண்டாட்டிதான் போட்டா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் சைக்கிள் மணி அடித்தது. சாப்பாட்டு மேசையைச் சுவரோரமாக நகர்த்தி வழிவிட்டார்.