கும்பாபிஷேக அழைப்பிதழும் திறக்காத கம்ப்யூட்டரும்

1

உலகத் தமிழர்களின் மேலான கவனத்துக்கு: திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் சூர்யகலாவின் டி.டி.பி. கடையில் ஜெராக்ஸுக்காக நின்றபோது கிடைத்த கதை இது. 'இயந்திரம் என்பது மனித மனத்தின்...' என்று ஆரம்பித்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

விழுப்புரத்தில் செகண்ட்ஹேண்டாக வாங்கிய பழைய பெட்டி அது. எத்தனை முறை போட்டாலும் விண்டோஸ் வராமல் நீலநிற செட்டிங்ஸ் பக்கத்திலேயே நின்றது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக அழைப்பிதழ் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது.* சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்று ஆடியில் தொடங்கிய சண்டை, போன வாரம்தான் ஓய்ந்திருந்தது.

(*காப்பி இல்லையா என்கிறீர்கள். பென்டிரைவில் போட்டால் பெயர் வரிசை கசிந்துவிடும் என்று கோயில் கமிட்டியே தடுத்துவிட்டது.)

2

கமிட்டியின் இரு துருவங்களும் கடையில்தான் இருந்தார்கள். சுப்பராயலு, சூர்யகலாவுக்குத் தாய்மாமன். குமரேசன், சித்தப்பா. அவர்கள் பேச்சுவார்த்தை நின்றால் திருவிழாவுக்குப் போய் எந்த வீட்டில் சாப்பிடுவது என்பது சூர்யகலாவின் சிக்கல். ஒரு வீட்டில் சாப்பிட்டால் இன்னொரு வீடு போச்சு.

விழுப்புரம் மெக்கானிக் பிரவீன்குமாரை சூர்யகலா போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபார்மட் பண்ணிட்டா சரியாப்பூடும்க்கா."

"உள்ள இருக்கறது?"

"அதுவும் பூடும்."

துருவங்கள் ஒன்றையொன்று பார்த்தன.

"மறுபடியும் மொதல்லேர்ந்தா?" என்றார் குமரேசன். "என்னால ஆவாது மச்சான்."

"எனக்கு மட்டும் ஆவுதா? மாத்திரை போட்டுக்கினு இல்ல சண்ட போட்டேன்."

"பேரே வாணாம். 'இங்ஙனம், ஊர் பொதுமக்கள்'னு போட்டுடலாம்."

"போட்டுடு."

ஒரே வண்டியில் டீ குடிக்கப் போனார்கள்.

(குமரேசனை நான் நம்பவில்லை. இந்த ரகத்து மனிதர் ஒரு பாராவுக்குள் திருந்தமாட்டார். எழுதியதை அடித்துவிட்டு, வேறு குமரேசனை எழுதிப் பார்த்தேன். அவரும் டீக்குத்தான் போனார். களைப்பு என்று ஒன்று இருக்கிறது.)

3

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றான் பிரவீன்குமார். "எதனா பட்டன் அமுங்கிக்கினு இருக்குதா பாருங்க. டெலிட் அமுங்குனா அந்தப் பக்கம்தான் வரும்."

டெலிட் பட்டன்மேல் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். பட்டன் இறங்கியது இறங்கியபடி ஒட்டிக்கிடந்தது. சூர்யகலா, கணவர் வேணுவின் பக்கம் திரும்பினார்.

"கீபோர்டுக்குமா பொட்டு வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வெச்சிட்டு அத்த மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?"

"இருக்கற பட்டன்ல இதத்தான் பாத்தீங்களா?"

"ஓரமா தனியா இருந்துச்சு. பாவமா இருந்துச்சு."

திட்ட வாயெடுத்த சூர்யகலா சிரித்துவிட்டார். சேஃப்டி பின்னை எடுத்துச் சுரண்டினார். விண்டோஸ் வந்தது. அழைப்பிதழும் வந்தது, அத்தனை பெயர்களோடும், அதே வரிசையில்.

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறார். பெயர்கள் திரும்புகின்றன. சண்டையும்.

முடிவு ஆ: எல்லாம் போச்சு என்கிறார். ஊர் ஒற்றுமையாகிறது, ஒரு பொய்யின் மேல்.

முடிவு இ: 'ஆலயம் என்பது...' வேண்டாம்.

வாசலில் வண்டி வந்து நிற்கிறது.

"சொல்லிடலாமா?" என்கிறார் வேணு.

"சும்மா இருங்க."

சூர்யகலாவின் கை மவுஸ் மேல் இருக்கிறது. எந்த அழைப்பிதழை அனுப்பலாம்? நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரண்டிலும் என் பெயர் இல்லை.