கரும்பலகையில் நாலு கணக்கு

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எழுபத்தொன்று வாங்கிய பொன்னி, மார்ச் பொதுத்தேர்வில் அதே பாடத்தில் பத்தொன்பது வாங்கியிருந்தாள். அவள் மட்டுமல்ல. பத்தாம் வகுப்பு முப்பத்தொரு பேரில் கணக்கில் தேறியது நாலே பேர். ஏன் என்று கணக்கு டீச்சர் சந்திரகலாவுக்குப் பிடிபடவில்லை. அது 1982.

"மூணாவது வருஷமா இதே கூத்து," என்றார் தலைமையாசிரியர் அப்பாதுரை. "ஃபெயிலான பசங்கள்ல பாதிப் பேராவது அக்டோபர் மறுபரீட்சையில தேறலைன்னா, நம்ம ஸ்கூல்ல பத்தாவதே கிடையாதாம். லெட்டர் வந்துடுச்சும்மா."

பத்தாவது போய்விட்டால் திருவண்ணாமலைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பையன்கள் ஏறுவார்கள். ஒன்பதாவது படிக்கும் பதினொரு பெண்பிள்ளைகளின் படிப்பு அதோடு சரி. அதில் ஒருத்தி பொன்னியின் தங்கை உண்ணாமலை. அவர்கள் அப்பா தசரதனிடம் சந்திரகலா கெஞ்சிப் பார்த்தாள்.

"பெரியவ எழுபது வாங்குறான்னீங்க, பத்தொம்போது வந்துச்சு. சின்னவளை டவுனுக்கு அனுப்புனா கலெக்டரா ஆயிடப்போறா? போங்க டீச்சர்."

பயமா? அறிவியலில் பயப்படவில்லையே. பொதுத்தேர்வு எழுத டவுனுக்குப் போகும் பஸ் அலைச்சலா? எல்லாத் தேர்வுக்கும் அதே பஸ்தான். ஒவ்வொன்றாக யோசித்துத் தள்ளிய பிறகு, கடைசியில் தோற்றவர்களைக் கூட்டி மறுபடி தேர்வு வைத்தாள். முதல் வாரம் கணக்குகளைப் பலகையில் எழுதிப் போட்டாள். பொன்னிக்கு அறுபத்தெட்டு. அடுத்த வாரம், முந்தைய ஆண்டின் அச்சுக் கேள்வித்தாளை எங்கெங்கோ கேட்டு வாங்கிக் கொடுத்தாள். இருபத்திரண்டு. அதே பெஞ்சு, அதே வெயில். மாறியது அந்தத் தாள் மட்டும்தான்.

விடைத்தாளைப் புரட்டினாள். இரண்டாவது கணக்கையே அடித்து அடித்து நாலு பக்கம் எழுதியிருந்தாள் பொன்னி. கடைசிப் பத்துக் கணக்கைத் தொடவே இல்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை.

"ஏண்டி, தெரிஞ்சதை உட்டுட்டு இதையே கட்டிக்கினு அழுவுற?"

"முடியலையே டீச்சர். போர்டுன்னா நீங்க அழிச்சிடுவீங்க. இது அப்படியே இருக்குதே."

சந்திரகலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளித் தேர்வுக்கு அச்சுத்தாள் கிடையாது. வகுப்பின் சின்னப் பலகையில் நாலு கணக்குதான் பிடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை அவள் அழித்து, அடுத்த நாலை எழுதுவாள். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பிள்ளைகள் நகர்ந்தாக வேண்டும். இத்தனை வருடமாக அவர்களை நகர்த்தியது அவள் கையிலிருந்த டஸ்டர். வராத கணக்கைத் தானாக விட்டுவிட்டுப் போக அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளும் சொல்லித் தந்ததில்லை.

கைக்கடிகாரம் யாரிடமும் இல்லை. ஆனால் டவுன் பரீட்சை ஹாலில் அரை மணிக்கொரு மணி அடிப்பார்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம், நூறு மார்க். பியூன் சின்னசாமியைத் தண்டவாளத் துண்டில் அப்படியே அடிக்கச் சொல்லி, வேறு வேறு ஆண்டு அச்சுத்தாள்களை வைத்து மூன்று முறை பழக்கினாள். மூன்றாம் முறை பொன்னிக்கு அறுபத்து நாலு. தோற்றிருந்த இருபத்தேழு பேரில் இருபத்தொருவர் முப்பத்தைந்தைத் தாண்டினார்கள்.

அக்டோபரில் பஸ் ஏறும் முன் அவள் சொன்னது இவ்வளவுதான்: "கேள்வித்தாளை இருபது இருபது மார்க்கா அஞ்சு பங்காக் கோடு போட்டுக்கோங்க. மணி அடிச்சா, நான் போர்டை அழிச்சிட்டேன்னு அர்த்தம். முடியாத கணக்குக்கு அரைப் பக்கம் உட்டுட்டு அடுத்த பங்குக்குப் போயிடணும். மிச்ச நேரம் இருந்தா திரும்பி வந்து முடிங்க."