வந்தாரை வாழவைக்கும் வார்னல் கிறீக்

தம்பி இறந்த முப்பத்தோராம் நாள் மதியம், வோபர்ன் மண்டபத்தில் சனமெல்லாம் பார்த்திருக்க, சண்முகலிங்கம் அங்கிளின் முகத்தில் ரதி ஓங்கி அடித்தாள். கட்டுப் பிரிக்காத பத்துக் கல்வெட்டுப் புத்தகங்கள் அவள் கையில் இருந்தன. முதல் அடியில் கண்ணாடி பறந்தது. இரண்டாவது அடியில் மூக்கு உடைந்து இரத்தம் வெள்ளை வேட்டியில் கொட்டியது. வயதான மனிதரை அடித்தது சரியென்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதற்பக்கத்தை வாசித்தவர்கள் பிழையென்றும் சொல்ல மாட்டார்கள்.

இறந்தவரின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டில் ஊர்ச் சிறப்புத்தான் முதலில் வரவேண்டும். அதை எழுத அங்கிளை விட்டால் ஆளில்லை. வயல், குளம், கோயில், விருந்தோம்பும் மக்கள் எல்லாம் அவருடைய கொம்பியூட்டரில் தயாராகக் கிடக்கும். ஊர்ப்பெயரை மாற்றினால் வேலை முடிந்தது.

ரதியின் தம்பி சுலக்சன் ஐந்து வயதில் ஊரை விட்டவன். பிறகு முகாம், படகு, கடைசி ஒன்பது வருடம் அவுஸ்திரேலியாவில் வார்னல் கிறீக்.

"அதுதான் அங்கிள் அவன்ர ஊர். உள்ளதை உள்ளபடி போடுங்கோ" என்று ரதி நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

உள்ளது இதுதான். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை. தண்டவாளம் பிடுங்கிய ரயில் பாதை, ஒரு மதுக்கடை, சுலக்சன் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலை. ஓடையின் வளைவில் ஒரு நீர்க்குழி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் பண்ணைக்காரர்கள் அங்கேதான் அந்த மண்ணின் பூர்வகுடிகள் முப்பத்தாறு பேரை விடியற்காலையில் வளைத்துச் சுட்டார்கள்.

"குழந்தையளுக்குக் குண்டு வீணெண்டு கல்லில அடிச்சவங்களாம் அக்கா" என்று சுலக்சனே போனில் சொல்லியிருந்தான்.

போன மாதம், வற்றிக் கிடந்த அதே நீர்க்குழியடியில் மூன்று பேர் அவனை இரும்பு வேலிக்கம்பியால் அடித்தார்கள். தாடை நொறுங்கியது, ஒரு கண் போனது. தண்ணீர் தேடி அவன் இருநூறு மீற்றர் ஊர்ந்த தடம் மணலில் இருந்தது. மதுக்கடையில் இருந்த ஒருவரும் ஒன்றும் காணவில்லையாம்.

புத்தகத்தில் வந்திருந்ததோ: "பசுமை தவழும் சிற்றூர், என்றும் வற்றாத ஓடை, வந்தாரை வாழவைக்கும் வார்னல் கிறீக்."

"வற்றாத ஓடையோ? அவன் தண்ணியில்லாமல் செத்தவன்!" ரதி மூன்றாவது தடவை கையை ஓங்கினாள்.

"அம்மா, ஸ்ரொப்!" மகள் லக்சிகா இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள்.

அங்கிள் தரையில் இருந்தார். இரத்தத்தைத் துடைக்கவில்லை.

"எங்கட ஊருக்கும் வற்றாத குளமெண்டுதான் பிள்ளை எழுதினனான். அந்தக் குளக்கட்டில வைச்சுத்தான் என்ர மூத்தவனைக் கையைக் கட்டிச் சுட்டவங்கள். நாப்பது கல்வெட்டு எழுதிப்போட்டன். ஒண்டிலயும் அதைப் போடேல்லை. கை வரேல்லை."

அவருக்கு ஒரு மகன் இருந்ததே ரதிக்குத் தெரியாது. கையிலிருந்த கட்டு விழுந்தது. அடித்த கையை வெட்டி எறியலாம் போல இருந்தது அவளுக்கு. கோபம் மட்டும் போகவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த அவளுடைய தாள்களை எடுத்தார். "கண்ணாடி இல்லை. நீயே வாசி."

ரதி மைக்கில் வாசித்தாள், முப்பத்தாறு பேரையும் கல்லையும் வேலிக்கம்பியையும் விடாமல். முடிந்ததும் மைக்கை அவரிடம் நீட்டினாள். அவர் குளத்தின் பெயரைச் சொன்னார், திகதியைச் சொன்னார்.

"பெயர் கோகுலன். பத்தொன்பது வயசு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் பந்திக்குப் போகவில்லை. பின்வரிசையில் ஒரு மனிசி எழுந்தாள்.

"அண்ணை, உந்த மைக்கை ஒருக்கா இஞ்சால தாங்கோ."