ஆல்டர்னேட்டர் மாற்றிய காலை

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றாள் அவள் மறுபடியும், ஜன்னலைக் கண்ணால் காட்டி.

தெருமுனை மெக்கானிக்குக்கு மெதுவாகப் பேசவே வராது. அவரை எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் சொன்னாலும் நாலு வீடு தள்ளிக் கேட்கும். காரோ கிளம்பாமல் ஜன்னலை ஒட்டி நின்றிருந்தது. உள்ளே அவளுடைய அப்பா படுத்திருந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பக்கத்தில் இருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஜன்னலைச் சாத்தினால் அப்பாவுக்கு மூச்சு முட்டும். சாயங்காலம் அக்காவை அழைத்துவரக் கார் வேண்டும்.

ஸ்பீக்கர் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து இன்ஜினை எழுப்பி, மீட்டரை வைத்துப் பார்த்தார். பதினாலு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டுகூட இல்லை. அதுவும் இறங்கிக்கொண்டே போனது.

"புது பேட்டரி என்ன பாவம் பண்ணுச்சு? ஆல்டர்னேட்டர் செத்துக் கிடக்கு. பேட்டரிக்கு சொட்டு சார்ஜ் ஏறல." குனிந்து மோந்து பார்த்தார். "உள்ள இருக்கற டயோடு கருகியிருக்கு. ஏம்மா, இன்ஜின் ஓடும்போது யாராவது பேட்டரி ஒயரைக் கழட்டினீங்களா?"

போன மாதம் காரில் பேட்டரி விளக்கு எரிந்தபோது, அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். வாடகைக் கார் ஷெட்டில் ஆயுளைக் கழித்தவர். இன்ஜினை ஓடவிட்டு ஒயரைக் கழற்றினார். இன்ஜின் நிற்கவில்லை. "பாத்தியா? ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்கு. பேட்டரியை மாத்து," என்றார். அவளும் மாற்றினாள், அப்புறம் காரை அதிகம் எடுக்கவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாத்திரையும் கஞ்சியும் வாங்கிக்கொண்டிருந்த மனுஷன், ரொம்ப நாளுக்கப்புறம் மகளுக்கு ஒன்று செய்துகொடுத்துவிட்டார். அவர் வாசல்வரை நடந்ததும் அன்றுதான் கடைசி. அந்த முகத்தோடு அவர் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

"அந்தக் காலத்து வண்டிக்கு அது சரி," ஸ்பீக்கர் முழங்கினார். "இதுல பண்ணினா ஒரே அடியில கருகிடும். எந்தப் புண்ணியவான் பாத்த வேலை இது?"

"நான்தாண்ணே." ஜன்னலுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். "வீடியோ பாத்துட்டுப் பண்ணினேன்."

"பண்ணுங்க, பண்ணுங்க. நீங்கள்லாம் வீடியோ பாத்தாத்தான் எங்களுக்குப் பொழப்பு!"

அவள் உள்ளே ஓடினாள். அப்பா விழித்திருந்தார்.

"நீயா கழட்டின?"

"ஆமாப்பா. நீங்க பாத்த மறுநாள். எதுக்கும் இன்னொரு தடவை பாக்கலாமேன்னு..."

"எந்த ஸ்பேனர்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "அந்த... பெருசு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் இருமலாகிவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

"பத்தாம் நம்பர்மா. பொய் சொன்னாலும் விசாரிச்சுட்டு சொல்லக் கூடாதா?" ஜன்னல் பக்கம் திரும்பினார். "வண்டியக் கெடுத்துட்டேன், இல்ல?"

"போகட்டும்ப்பா. இரும்புதானே."

அவர் கை தேடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அவன்கிட்ட சொல்லிடாத. ஊருக்கே கேட்டுடும்."

"சொல்லவே மாட்டேன்ப்பா." அந்த நிமிஷம் அவரைக் குழந்தையைப் போல வாரி எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

வெளியே வேலை நடந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழுந்ததை எல்லாம் முணுமுணுத்தார். "பெல்ட்டக் கழட்டுறான்... போல்ட் துருப்பிடிச்சிருக்கு, மல்லுக்கட்டுறான்... வந்துருச்சு." வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்த ஆல்டர்னேட்டரை மாட்டி, பெல்ட்டை ஏற்றி, இன்ஜினைக் கிளப்பினார். அதோடு மெல்லிசாக ஒரு ஊளையும் வந்தது.

அப்பாவின் புருவம் சுருங்கியது. "பெல்ட் இறுக்கம். கொஞ்சம்... தளர்த்தச் சொல்லு."

"சொல்றேன்ப்பா."

முதலில் அவர் உதட்டை நனைக்கலாம் என்று துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். திரும்பியபோது அவர் மார்பு அடங்கியிருந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். கை சூடாகத்தான் இருந்தது. அப்பா, அப்பா என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"அண்ணே, பெல்ட் இறுக்கமா இருக்காம். கொஞ்சம் தளர்த்தச் சொன்னார்."

ஸ்பீக்கர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அட, ஆமா! படுத்த படுக்கையிலயும் காதைப் பாரேன்!" இன்ஜினை நிறுத்தி, போல்ட்டை அரைத் திருப்புத் திருப்பிவிட்டு மறுபடி கிளப்பினார். ஊளை போய்விட்டது.

"இப்ப எப்படி இருக்குன்னு பெரியவரைக் கேளும்மா!"

அவள் கட்டிலுக்கு வந்தாள். விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"சரியா இருக்காம்ண்ணே."

ஸ்பீக்கருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அவர் சொன்னா சரிதான். கொஞ்ச நேரம் ஓடட்டும்மா, பேட்டரி ஏறணும்."

"ஓடட்டும்ண்ணே," என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.