டி டிரைவ்

இருபத்தொரு மணி நேரமாக எங்கள் சாயப்பட்டறைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் வரவில்லை. முந்தின நாள் மதியம் கரண்ட் போனபோது யுபிஎஸ்ஸும் கைவிட்டது. அதன் பிறகு கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

ஆயிரத்து இருநூறு நிறங்களின் கலவை அளவு அதற்குள் இருந்தது. எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று தெரியாமல் நூலை முக்க முடியாது. கப்பலூரில் எங்கள் மூன்று மிஷின்களும் சும்மா நின்றன. வேதியியல் படித்த எனக்கு அந்த அளவுகளைக் கணக்கிட்டுப் பதிவதுதான் வேலை.

திருநகரிலிருந்து வந்த மெக்கானிக் வீரணன் கீபோர்டில் எஃப் பதினொன்றை அழுத்தினார். விண்டோஸ் கெட்டால் திரும்பப் போடுவதற்கான ஃபைல்களை, விற்கும்போதே டி டிரைவில் வைத்துத் தருவார்களாம். மீட்டால் அளவுகள் அப்படியே இருக்கும், அரை நாள் வேலை என்றார்.

ஒன்றும் வரவில்லை. தன் சிடியைப் போட்டு டி டிரைவைத் திறந்தார்.

"ரெக்கவரி ஃபோல்டரே இல்ல சார். யாரோ மொத்தமா அழிச்சிருக்காங்க. இங்க பாட்டுதான் கெடக்கு. அம்மாடி, எம்புட்டுப் பாட்டு. இனி டிஸ்க்கக் கழட்டி எடுத்துட்டுப் போகணும். ஒரு வாரம் ஆகும்."

சொல்ல வேண்டியது என்னிடம் இருந்தது.

முதலாளி ராமமூர்த்தி சார் மிஷின் ஓட்டும் பாண்டிராஜைக் கூப்பிட்டார்.

"பாட்டு யாருது?"

"என்னுதுதான் சார். நூல் ஊறுற நேரத்துல கேக்கலாம்னு ரெண்டு வாரம் முன்ன ஏத்துனேன்."

"அதுக்கு எடம் வேணும்னு இருந்தத அழிச்சிட்ட."

"எனக்கு ஏத்தத்தான் சார் தெரியும். அழிக்கிறதெல்லாம் படிச்சவங்க வேலை."

வீரணன் சிரித்துவிட்டார். "மாப்ள, வாயக் கொறைங்க."

சார் சிரிக்கவில்லை. "லாக்கர் சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு. நாளைலருந்து வராத."

பாண்டிராஜ் என் பக்கம் திரும்பினார். எட்டு வருஷமாக அங்கே இருப்பவர். "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. ஒங்க முன்னாடிதான ஏத்துனேன். எதையாச்சும் அழிச்சேனா?"

நான் வாய் திறப்பதற்குள் சார் என்னிடம் சௌராஷ்டிர மொழியில் பேசினார். எங்கள் இருவர் வீட்டிலும் பேசுவது அதுதான். அந்த அறையில் வேறு யாருக்கும் அது தெரியாது. நீ இதில் தலையிடாதே, உன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, உன் அப்பாவை எனக்குத் தெரியாதா என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது.

அந்த மொழியிலேயே சொல்லிவிட நினைத்தேன். அது சுலபம். சார் கொஞ்சம் வருத்தப்படுவார், எங்களுக்குள் முடிந்துவிடும். பழி பாண்டிராஜ் மேலேயே நிற்கும், அவர் வேலையும் போயிருக்கும். முதல் சொல் வாயிலிருந்து வந்தும் விட்டது.

பாண்டிராஜ் வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற முடியாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

நிறுத்தினேன். அவருக்கும் புரியட்டும் என்று தமிழில் ஆரம்பித்தேன்.

"சார், டி டிரைவ்ல எடமில்லன்னு தெனமும் செவப்பாக் காட்டிச்சு. அவர் பாட்டு ஏத்துறதுக்கு முன்னாடியே, என்ன ஃபோல்டர்னு படிச்சுக்கூடப் பாக்காம, மொத்தமா அழிச்சது நான்."