செவ்வாய்க்கிழமை மட்டும்

பெங்களூரில் ஓராண்டுப் பயிற்சி முடித்து, பாலக்கோட்டுக்குப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நான் சேர்ந்தபோது, என் வேலை என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. ஊசி போடுவதில்லை, கட்டுக் கட்டுவதில்லை. டாக்டர் மாத்திரை எழுதுவார். நான் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், பெரும்பாலும் கேட்பேன்.

"பேசறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று என் அம்மா இன்னாசியம்மாளே கேட்டாள்.

எங்கள் ஊர்த் தீர்த்தம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு எல்லாம் மாறியது. பிள்ளையை இழந்ததிலிருந்து வாய் திறக்காதவள், சில மாதங்களில் பேசத் தொடங்கினாள். அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாம் என்னால்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஒரு நாள் காலை எங்கள் வாசற்படியில் யாரோ உப்பும் மிளகும் கொட்டியிருந்தார்கள், குகைபோல் கட்டிய அந்தோணியார் கெபியில் நேர்ச்சை கொட்டுவதுபோல.

"இது பாவம்மா. நான் என்ன புனிதையா?"

"பாவமோ என்னமோ, மொளகு விக்கற வெலைக்கு வேணாங்க முடியுமா?" என்று அம்மா முறத்தில் வாரிக்கொண்டு ரசம் வைக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு நான் வேலை முடிந்து வந்தால் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். குடிக்கும் புருஷன், தூங்காத மகள், காரணமில்லாமல் அழும் அக்கா. எல்லோரும் உறவு, கோயிலில் என் பக்கத்தில் முட்டி போடுகிறவர்கள். 'நம்ம பொண்ணு' என்பதால்தான் என்னிடம் மனம் திறந்தார்கள். 'நம்ம பொண்ணு' என்பதால்தான் என்னால் கதவைச் சாத்தவும் முடியவில்லை.

பாலக்கோட்டில் வெங்கடாசலம் மாஸ்டரின் மாலை வகுப்பில் நான் ஓவியம் கற்றுக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் என்னிடம் எதையும் சொல்லி அழுவதில்லை. ஒரு பித்தளைச் செம்பை முன்னால் வைத்து வரையச் சொல்வார்கள். செம்புக்குத் துக்கம் கிடையாது. அந்த வகுப்புக்குப் போவது குறைந்தது, பிறகு நின்றது. சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்க, நான் ஒரு சொல்லும் காதில் விழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் பயந்தேன். இப்படியே போனால் வேலையை விட வேண்டும். இல்லாவிட்டால் கேட்பதுபோல் நடிக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியார் ஸ்தனிஸ்லாஸ் எழுந்தார்.

"நம்ம இசபெல்லா வூட்டு முன்னால சனங்க வெயில்லயும் மழையிலயும் நிக்குதுங்க. ஆளுக்கொரு மூங்கில் குடுத்தீங்கன்னா ஒரு பந்தல் போட்டுரலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பந்தல் போட்டுவிட்டால் அப்புறம் அதைப் பிரிக்க முடியாது. எழுந்து நின்றேன்.

"பந்தல் வேணாங்க மாமா."

"ஏங்கண்ணு?"

"சாயங்காலத்துல நான் படம் வரையப் போகணுங்க."

சிரிப்பு எழுந்தது. கஸ்பார் சித்தப்பா திரும்பினார். "அடேங்கப்பா! படம் போட நேரம் இருக்குது, எங்கக்கா அழுவறதக் கேக்க நேரம் இல்லியா? சம்பளம் வாங்கற திமிரு!"

வரிசையாக யோசித்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் மறந்துபோயின. வாயில் வந்தது வேறு.

"சித்தப்பா, அந்தோணியார் கெபிக்கு என்னிக்குப் போவீங்க?"

"செவ்வாக்கெழம. இதென்ன கேள்வி?"

"புதன்கெழம?"

"புதன்கெழம எவன் போவான்?"

"கோடி அற்புதர் அந்தோணியாரே வாரத்துல ஒரு நாள்தான் கூட்டத்தப் பாக்கறாரு. அவருக்குப் பசி இல்ல, தூக்கம் இல்ல. எனக்கு ரெண்டும் இருக்குது. எனக்கு மட்டும் ஏழு நாளுமாங்க?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று பீடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அப்போது மிக்கேலம்மாள் அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

"மாட்டிக்கிட்டியா கஸ்பாரு! புனிதருக்கு லீவு குடுக்கறவன், பொட்டப்புள்ளைக்குக் குடுக்க மாட்டியா?"

"அவசரம்னா என்ன பண்றதாம்?" என்றார் அவர், குரல் இறங்கி.

"வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. எந்நேரமும் டாக்டருங்க இருக்காங்க. பகல்ல நானும் இருக்கறேன்."

ஸ்தனிஸ்லாஸ் மாமா தொண்டையைச் செருமி, அறிவிப்பு வாசிக்கும் குரலில் சொன்னார்: "செவ்வாக்கெழம அந்தோணியார் நவநாள் செபம் முடிஞ்சா இசபெல்லா வூடு. மத்த நாளு ஆஸ்பத்திரி. மூங்கில் வேணாம்."

மறுநாள் மாலை தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். புனிதரோடு என்னை ஒப்பிட்டது சரிதானா என்று அப்போதும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ரோசம்மாள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க மருமவன் இருக்கானே, அவன்..."

முன்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரோசா, இன்னிக்கு என்ன கெழம?"

பின்னாலிருந்து இன்னொன்று. "அந்தப் புள்ள படம் போடப் போவுது. நாளைக்கு வா!" அது கஸ்பார் சித்தப்பா.

விவரம் தெரியாத கண்டக்டர் முனிராஜ், "ஏனுங்க, இன்னிக்கு ஏறக் கூடாதுங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ரோசம்மாள் அக்காவும் சிரித்தாள்.

"சரி, நாளைக்கே சொல்றேன். நீ என்ன படம் போடப் போற?"

"இன்னும் தெரியலீங்கக்கா."

யாராவது என்னைப் பற்றி என்னிடம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. பாலக்கோட்டில் இறங்கினேன். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது, மெதுவாக நடந்தே போயிருக்கலாம். ஓடினேன்.