போர்டுல செஞ்ச கன்ட்ரோலர்

ஒரு மணி நேரத்துக்கு காசு குடுத்துட்டு நான் கேமே போடல. பைய தொறந்து அளவெடுக்குற வெர்னியர வெளிய எடுத்தேன். மடில ரெண்டு கன்ட்ரோலர். கருப்பு எக்ஸ்பாக்ஸோடது, வெள்ளை பி.எஸ். ஃபைவோடது. வீடியோவுல ஆயிரம் தடவ பாத்திருக்கேன், கையால தொட்டது அன்னைக்குத்தான் மொதத் தடவ. நியாயமா பாத்தா உடனே ஆன் பண்ணி அஞ்சு நிமிஷமாவது வெளயாடிருக்கணும். ஆனா அளவு முடியாம ஆன் பண்ணக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் விருதுநகர் பஸ்ஸே ஏறுனேன். கீழ வத்தல் மண்டி, மாடில கேம் சென்டர். மூடைய எறக்குறப்ப எல்லாம் நெடி மேல ஏறி வந்து மொத்த ரூமும் தும்முது. தும்முனா வெர்னியர் நகந்துருது. மறுபடியும் மொதல்ல இருந்து.

கடைக்காரரு அய்யாதுரை அண்ணன் ரொம்ப நேரமா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஏம்மா, வெளயாட வந்தியா, இல்ல அதுக்கு சட்டை தைக்க அளவெடுக்க வந்தியா?"

"டம்மி போடணும்ணே."

"யாருக்கு டம்மி?"

சொன்னேன். சிவகாசில ஒரு அட்டைப்பெட்டி கம்பெனில நான் சாம்பிள் டேபிள். புதுசா ஒரு பட்டாசு வருதுன்னா, மிஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடி வெறும் அட்டை போர்டுல கையால வெட்டி ஒட்டி ஒரு பெட்டி செஞ்சு, சாமான் உள்ள சரியா உக்காருதான்னு பாப்போம். அதுதான் டம்மி.

"அப்ப இதுக்கு பெட்டி செய்யப் போற."

"இல்லண்ணே. இதயே செய்யப் போறேன்."

"ஒரிஜினல் இங்கன இருக்கைல போர்டு எதுக்கும்மா?"

"வெளயாடப் போற ஆளு இங்கன வராதுண்ணே."

"சின்னப் புள்ளையோ?"

"இருபத்தாறு வயசு."

அவரு ஏதோ கேக்க வந்தாரு, அதுக்குள்ள தும்மல் வந்துருச்சு. நல்லதாப் போச்சு.

அந்த இருபத்தாறு வயசு எங்கண்ணன் மாரிக்கண்ணன். பதினோரு மாசத்துக்கு முன்னாடி அவன் வேல பாத்த பட்டாசு கம்பெனில பக்கத்து ரூம் வெடிச்சுச்சு. வலது கைல கட்டவிரல் முழுசா போச்சு, ஆள்காட்டி விரல் பாதி போச்சு. உசுரு இருக்குல்லன்னு வந்தவுக எல்லாம் சொன்னாக, சொல்லிட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாக. அதுக்கு முன்னாடி சம்பளம் வாங்குன அன்னைக்கெல்லாம் சிவகாசில ஒரு கேம் கடைக்குப் போயிருவான். ஒரு மணி நேரம் வெளயாடிட்டு வந்து ராத்திரி சோத்துக்கு முன்னாடி உக்காந்து, எந்தச் செவுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சான், எவன எப்படி விழுத்தாட்டுனான்னு ஒண்ணு விடாம சொல்லுவான். எங்க ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டை ஒண்ணு இருந்துச்சு. நான் பி.எஸ். கட்சி, அவன் எக்ஸ்பாக்ஸ் கட்சி. டிஸ்க்கு வாங்குனா அது நம்ம சாமான், அலமாரில அடுக்கலாம்னு நான் சொல்லுவேன். மாசத்துக்கு இம்புட்டுன்னு கட்டுனா நூறு கேம் கெடைக்கும், எதுக்கு டிஸ்க்க அடுக்கிக்கிட்டுன்னு அவன் சொல்லுவான். கன்ட்ரோலர்ல இடது ஸ்டிக்கு மேல இருக்கணுமா கீழ இருக்கணுமான்னும் கத்துவோம். ரெண்டுமே வீட்ல கெடையாது. இல்லாத கேம் பெட்டிக்கு ரெண்டு வருஷமா சண்டை போட்டோம். எங்கம்மா சோலையம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வந்து காலக் கழுவிட்டு, "ஏட்டி, வாங்காத எருமைக்கு எங்கனட்டி கட்டுத்தறி அடிக்கீக?"ன்னு கேக்கும்.

கை போனதுக்கப்புறம் அவன் சண்டை போடுறத விட்டுட்டான். "எதுன்னாலும் நல்லாத்தான் இருக்கும் புள்ள"ன்னான். அதுதான் எனக்குத் தாங்கல. டீக்கடைக்குப் போறதில்ல, கல்யாண வீட்டுக்குப் போறதில்ல. செவுத்துல சாஞ்சு உக்காந்து, அடுத்தவன் வெளயாடுற வீடியோவ போன்ல பாத்துக்கிட்டே இருப்பான். ஒரு நாள் நான் கவனிச்சேன், வீடியோ ஓடும்போது அவன் இடது கட்டவிரல் தொடை மேல தன்னால அசையுது. வலது கையும் அசையத்தான் செஞ்சுச்சு. இல்லாத வெரல வச்சுக்கிட்டு அது என்னத்த அமுக்குச்சோ.

ரெண்டு தீபாவளி போனஸ் என்கிட்ட அப்படியே இருந்துச்சு. முடிவு பண்ணிட்டேன். எது சக்தி ஜாஸ்தி, எதுல படம் தெளிவு, அந்தக் கணக்கெல்லாம் தூக்கி ஓரமா வச்சாச்சு. எந்தக் கன்ட்ரோலர் எங்கண்ணன் கைக்கு அடங்குதோ அந்தப் பெட்டி. அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு நேரத்துல என் வலது கட்டவிரலையும் ஆள்காட்டி விரலையும் உள்ளங்கையோட சேத்து டேப் ஒட்டிக்கிட்டு, வெறும் டிபன் பாக்ஸ் மேல வெளயாடிப் பாத்தேன். தூக்கிப் பிடிக்க முடியாது. தொடை மேல வச்சு, வலது கைய மேல இருந்து கவுத்தணும். நடுவிரல் பார்வையத் திருப்புற ஸ்டிக்குக்கு, மோதிர விரல் நாலு பட்டனுக்கு, சுண்டு விரல் முன்னாடி துப்பாக்கி விசை மாதிரி இருக்குற டிரிகருக்கு. எட்டுனா வெளயாடலாம். எட்டலேன்னா என்ன பண்றதுன்னு மட்டும் நான் யோசிக்கல.

அளவெடுத்த ரெண்டே நாள்ல ரெண்டு டம்மியும் ரெடி. கெட்டி போர்டு பதினாறு பதினேழு அடுக்கு, ஒண்ணு மேல ஒண்ணு பசை போட்டு, ஓரத்த உப்புத்தாள்ல தேச்சு, பட்டனுக்கு வட்டம் வட்டமா வெட்டி ஒட்டி, ஒண்ணுக்கு கருப்புத் தாளும் ஒண்ணுக்கு வெள்ளைத் தாளும் சுத்தி. சத்தியமா சொல்றேன், நான் செஞ்ச டம்மிலயே அதுதான் அழகு. ஞாயித்துக்கிழமை அவன் முன்னாடி வச்சேன்.

"என்ன புள்ள இது?"

"ஒன் எக்ஸ்பாக்ஸு, என் பி.எஸ்ஸு. கைய வச்சுப் பாரு."

ரெண்டையும் வெரலால தட்டிப் பாத்தான். அப்புறம் கருப்ப எடுத்து தொடை மேல வச்சான். இடது கை போயி கச்சிதமா உக்காந்துக்கிச்சு. வலது கைய நான் சொன்ன மாதிரியே கவுத்தான். நடுவிரல் ஸ்டிக்குக்குப் போச்சு. மோதிர விரல் பட்டனுக்கு நீண்டுச்சு, போகப் போக நடுவிரல் ஸ்டிக்க விட்டு நழுவிருச்சு. மறுபடியும் வச்சான். இப்ப பட்டன் எட்டுச்சு, டிரிகர் எட்டல. மணிக்கட்ட திருப்பிப் பாத்தான், முட்டிய மடக்கிப் பாத்தான், தரைல வச்சுப் பாத்தான். வெள்ளையிலயும் அதே கததான். அவன் கோவப்பட்டிருந்தா நல்லாருந்திருக்கும். ரெண்டு டம்மியையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி என் பக்கம் தள்ளுனான்.

"நீ பி.எஸ்ஸே வாங்கு புள்ள. நீ வெளயாடு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அடுப்படில அம்மாவோட கரண்டிச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாச்சு.

திங்கக்கிழமை வேஸ்ட் போர்டுல போட்டுரலாம்னு டம்மிய கம்பெனிக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். போட மனசு வரல, டேபிள் ஓரத்துலயே கெடந்துச்சு. சூப்பர்வைசர் அழகுராஜா அண்ணாச்சி ஆர்டர் பேப்பரோட வந்தவரு அத எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கேம் கன்ட்ரோலர்னு எல்லாம் அவருக்குத் தெரியாது.

"மாரிசெல்வி, இது என்ன, நண்டு மாதிரி? புது அயிட்டமா? ரெண்டு மில்லி லூஸ் விட்டிருக்கேல்ல?"

"விட்டிருக்கேன் அண்ணாச்சி"ன்னு பட்டுன்னு சொன்னேன்.

அது வாயில வர்ற பதில். எந்தச் சாமானுக்கு அளவெடுத்தாலும் ரெண்டு மில்லி கூட்டித்தான் எழுதுவோம், இல்லேன்னா சாமான் பெட்டிக்குள்ள எறங்காது. மூணு வருஷப் பழக்கம். கை தன்னால எழுதும். அவரு அந்தப் பக்கம் போனதும் என் நோட்ட தொறந்து பாத்தேன். ஓரத்துல இருந்து ஸ்டிக், கூட ரெண்டு. ஸ்டிக்ல இருந்து பட்டன், கூட ரெண்டு. பட்டன்ல இருந்து டிரிகர், கூட ரெண்டு. உயரம், அதுலயும் ரெண்டு. நான் கன்ட்ரோலர் செய்யல. கன்ட்ரோலர் உள்ள போயி உக்கார்ற மாதிரி ஒண்ணச் செஞ்சு எங்கண்ணன் கைல குடுத்து, எட்டுதா எட்டுதான்னு கேட்டிருக்கேன். அவனும் முட்டிய மடக்கி, மணிக்கட்டத் திருப்பி...

அன்னைக்கு ஓவர்டைம் இல்ல, இருந்தும் ஏழு மணி வரைக்கும் இருந்து புதுசா ரெண்டு வெட்டுனேன். இந்தத் தடவ ஒவ்வொரு அளவையும் எழுதிட்டு, அடிச்சுட்டு, மறுபடியும் எழுதுனேன்.

வீட்ல டம்மியப் பாத்ததும் அவன் மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். "மறுபடியும் போர்டா? விடு புள்ள."

"அண்ணே, தப்பு எம்மேல. லூஸ் விட்டுட்டேன்."

"என்ன லூஸு?"

நோட்டக் காட்டுனேன். வாங்கி வரி வரியாப் படிச்சான். அப்புறம் வயிறு குலுங்க ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க. "ஏ கழுத! எங்கைக்கு பெட்டி செஞ்சு குடுத்தியா? எம்மா, இங்க வந்து பாரு ஒம்மகள! இதுக்கு சம்பளம் வேற குடுக்காக!"

சிரிச்சுக்கிட்டேதான் கருப்ப தொடை மேல வச்சான். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். சுண்டு விரல் நுனி டிரிகர்ல பட்டுச்சு.

"எட்டுது"ன்னேன்.

"தொடுது. தொடுறது வேற, அமுக்குறது வேற. போர்டு அமுங்குமா?"

அவன் வெள்ளைய எடுத்தான். அதுலயும் வச்சான். திரும்ப கருப்பு. திரும்ப வெள்ளை. நெத்திய சுருக்கிக்கிட்டு என்கிட்ட கேட்டான், "வெட்டுறதுக்கு முன்னாடி நீ வரைஞ்ச தாளு இருக்கா?" குடுத்தேன். ரெண்டு டிரேசிங் தாளையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சான்.

"ஏ புள்ள, இங்க பாரு. வலது பக்கம் ரெண்டுலயும் ஒண்ணுதான்."

பாத்தேன். ஸ்டிக்கு மேல ஸ்டிக்கு, பட்டன் மேல பட்டன். ஒரு மில்லி அங்கிட்டு இங்கிட்டு. இடது பக்கத்துலதான் ஒருத்தன் ஸ்டிக்க மேல வச்சிருக்கான், ஒருத்தன் கீழ வச்சிருக்கான். உலகம் பூரா அவனவன் மைக் போட்டு சண்டை போடுறது, நாங்க ரெண்டு வருஷம் கத்துனது, எல்லாம் இடது பக்கத்துக்கு. அந்தக் கை அவனுக்கு நல்லாவே இருக்கு. வலது பக்கத்தப் பத்தி எந்த வீடியோக்காரனும் பேசல. அங்க பேச ஒண்ணுமே இல்ல போல.

"அப்ப எது வாங்கறது?"ன்னு கேட்டேன். எனக்கே என் குரல் பாவமா இருந்துச்சு.

"அமுக்கிப் பாத்தாத்தான தெரியும். ஸ்டிக்கு எது லேசு, எது வழுக்கும், டிரிகர் எம்புட்டு கனம்... நீ தொட்டேல்ல, எப்படி இருந்துச்சு?"

"நான் ஆன் பண்ணவே இல்லண்ணே. அளவுதான் எடுத்தேன்."

என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். தாள மடிச்சான், விரிச்சான், திரும்ப மடிச்சான். "அங்கன கூட்டம் இருக்குமா?"

"காலைல பத்து மணிக்கு ஒரு ஈ காக்கா இருக்காது."

பொய் இல்ல, நான் நெசமாவே அப்படித்தான் நெனச்சேன். அடுத்த ஞாயிறு எங்க ஊரு வெம்பக்கோட்டைல இருந்து சிவகாசி, அங்கன இருந்து விருதுநகர்னு ரெண்டு பஸ் மாறிப் போயி மாடிப்படி ஏறுனா, பாலிடெக்னிக் பயலுக மூணு பேரு உக்காந்திருக்கானுக. அண்ணன் கடைசிப் படில நின்னுட்டான். நான் பின்னாடி நின்னேன். கீழ போறதுன்னா என்னைய இடிச்சுட்டுத்தான் போகணும். கீழ யாரோ மூடையப் போட்டாங்க, நெடி ஏறுச்சு, அத்தன பேரும் வரிசையா தும்முனோம். ஒருத்தன் சிரிச்சான். அண்ணனும் லேசா சிரிச்சுட்டு உள்ள போயிட்டான்.

அய்யாதுரை அண்ணன் என்னையப் பாத்தாரு, அவனப் பாத்தாரு, கையப் பாத்தாரு. இருபத்தாறு வயசு யாருன்னு அவருக்கு விளங்கிருச்சு. சேர இழுத்துப் போட்டாரு. "தம்பி, ரெண்டு கன்ட்ரோலர ஒண்ணாச் சேத்து கேம்ல ஒரே ஆள ஓட்டலாம். தங்கச்சி ஒண்ணப் பிடிச்சுக்கிட்டா வலது பக்கத்த அது பாத்துக்கும். அப்படி வச்சுத் தரவா?"

"வேண்டாம்ணே"ன்னான். மெதுவாத்தான் சொன்னான். அவரு டிவிய ஆன் பண்ணுனாரு.

மொதல்ல கருப்பு. மலையும் புல்லுமா ஒரு கேம், சண்டை ஒண்ணும் கெடையாது, ஒரு ஆளு நடந்து போறான். இடது ஸ்டிக்குல நட, வலது ஸ்டிக்குல பாரு. அண்ணன் தொடை மேல வச்சு கையக் கவுத்தான். ஆளு நடந்தான், நல்லா நேராத்தான் நடந்தான். வலது ஸ்டிக்குல நடுவிரல வச்சதும் வழுக்கிருச்சு, பார்வை சர்ருன்னு மேல போயி வானத்துல நின்னுக்கிச்சு. டிவி பூரா வானம். நீலம், ஒரு ஓரத்துல ஒரு துண்டு மேகம். பாலிடெக்னிக் பயலுக அவங்க கேம நிறுத்திட்டு இந்தப் பக்கம் பாக்குறானுக. நான் கைய பின்னாடி கட்டிக்கிட்டேன், கட்டலேன்னா போயி பிடிச்சிருப்பேன்.

அவன் யாரையும் பாக்கல. வெரல எடுத்து சட்டைல தொடச்சான். இந்தத் தடவ நடுவிரல ஸ்டிக்கு மேல வைக்காம, பக்கத்துல அண்டக் குடுத்தான். மோதிர விரல இந்தப் பக்கம். ரெண்டு விரலுக்கு நடுவுல ஸ்டிக்கு, சோத்துப் பருக்கையக் கிள்ளுற மாதிரி. மேகம் ஒரு நூல் நகந்துச்சு. நின்னுச்சு. அப்புறம் வானம் மெல்ல மேல ஏற ஏற, கீழ இருந்து ஒரு மரத்து உச்சி வந்துச்சு, அதுக்கப்புறம் மரம், அதுக்கப்புறம் தூரத்துல இருந்த மலை, கடைசியா அந்த ஆளோட முதுகு.

"டிரிகர்?"னு நான் கேட்டேன்.

"இரு புள்ள"ன்னான். கருப்ப அப்படியே சேர்ல வச்சுட்டு, வலது கைய அய்யாதுரை அண்ணன் முன்னாடி நீட்டுனான். மூணு விரலும் விரிஞ்சிருந்துச்சு.

"அந்த வெள்ளையக் குடுங்கண்ணே."

அவரு சார்ஜ்ல இருந்து அதப் புடுங்கிக்கிட்டு இருந்தாரு. டிவில அந்த ஆளு மலை மேல தனியா நிக்கான். யாரும் ஒண்ணும் அமுக்கல. காத்துல புல்லு சாயுது, அவன் ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்னு, பிடரிய சொறிஞ்சுக்கிட்டு, எங்கிட்டோ பாத்துக்கிட்டு இருக்கான்.